வானேறிப் பழகாத மொழியாம்!

அமெரிக்க நாட்டின் வெள்ளை மாளிகையைச் சார்ந்த இணையக் காப்பு இயக்குநர் அலுவலகம் 2024ஆம் ஆண்டு பிப்பிரவரி 26ஆம் நாள் ஓர் அறிக்கையை வெளியிட்டது. நினைவகப் பிழைகளுக்கு இடந்தரும் நிரல்மொழிகளை விட்டொழித்து, அப்பிழைகள் தலைகாட்டவே இடந்தராத மொழிகளுக்கு மாறுங்கள் என்று நிரல் எழுதும் நிறுவனங்களுக்கு அறிவுரை கூறுவது அவ்வறிக்கை. அதனுள் விண்கலங்களைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. கலத்தினுள் ஓடும் நிரல், இயங்குதளத்தின் உட்கருவை ஒட்டி நின்று இயங்கவேண்டும். இன்ன பணி இன்ன நேரத்திற்குள் முடியும் என்று அறுதியிட்டுச் சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும். நினைவகக் குப்பையைக் கூட்டுகிறேன் என்று நடுவில் புகுந்து வேலையை நிறுத்தும் ஏற்பாடு அதில் இருத்தலாகாது. இம்மூன்று இயல்புகளும் சி, சி++ ஆகிய மொழிகளுக்கு உண்டு. ஆனால் அவற்றில் நினைவகக் காப்பு இல்லை. இரசுட்டு என்னும் மொழிக்கு மூன்றும் உண்டு, காப்பும் உண்டு. ஆயினும் அது விண்வெளிப் பணிகளில் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. இவ்வாறு அவ்வறிக்கை கூறிற்று.

அறிக்கையின் உடலை விட்டுவிட்டு அதன் வாலை மட்டும் பற்றிக்கொண்டது ஒரு கூட்டம். "இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை, அரசே சொல்லிவிட்டது, இனி என்ன பேச்சு?" என்று அக்கூட்டத்தார் மேசையைத் தட்டுகின்றனர். முப்பது நாற்பது ஆண்டுகளாகப் போர்ட்ரானிலும் சியிலும் எழுதிக் குவித்த நிரல்களைக் காட்டி, "இவை பறந்து மெய்ப்பித்தவை" என்னும் ஒற்றைச் சொல்லால் எவ்வினாவின் வாயையும் அடைத்துவிடலாம் என்பது அவர்தம் துணிபு. நீரில் இறங்கவிடாமல் கரையிலேயே ஒருவனைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, "இவனுக்கு நீந்தத் தெரியவில்லை" என்று ஊர்முழுதும் பறையறைவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

அவர்கள் தூக்கிப் பிடிக்கும் "பறந்து மெய்ப்பித்த நிரல்" என்பதன் தகுதியைத்தான் முதலில் பார்த்தல் வேண்டும். 1996ஆம் ஆண்டு சூன் 4ஆம் நாள், தென்னமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பியரின் அரியேன்-5 ஏவுகலம் முதன்முறையாக எழுந்தது. நாற்பது நொடி அளவில், ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில், அது நெறிபிறழ்ந்து துண்டுதுண்டாகச் சிதறியது. அதனோடு நான்கு அறிவியல் துணைக்கோள்களும் அழிந்தன. செய்தது யார்? பழகாத புதுமொழியா? இல்லை. அதற்கு முந்திய அரியேன்-4 ஏவுகலத்தில் பலகாற் பறந்து நற்பெயர் எடுத்த நிரல்! கலத்தின் திசையறியும் கருவியில் இருந்த அந்நிரல், கிடைத்திசை விரைவோடு தொடர்புடைய ஓரளவை 64 நுண்மி மிதப்புப்புள்ளி எண்ணிலிருந்து 16 நுண்மி முழுவெண்ணாக மாற்ற முயன்றது. அரியேன்-4இன் செல்வழியில் அவ்வெண் சிறியது. அரியேன்-5இன் செல்வழியிலோ அது பெரியது. 16 நுண்மிக் கலயத்தில் அது கொள்ளவில்லை. மாற்றுக் கருவியிலும் அதே நிரல் ஓடிற்றாதலின், முதற்கருவி விழுமுன்னரே அது விழுந்துவிட்டது. இதனினும் வருந்தத்தக்கது யாதெனில், பிழைசெய்த அப்பகுதி கலம் தரையை விட்டெழுந்தபின் எப்பயனும் அற்றது. அரியேன்-4இன் தேவைக்காக ஒருகால் சேர்க்கப்பட்டது. எடுத்தெறிய எவரும் துணியாமையால் அங்கேயே இருந்தது. "பறந்து மெய்ப்பித்ததைத் தொடாதே" என்னும் அதே மனப்பாங்குதான் அன்றைக்கும் கொலைசெய்தது.

ஒரு நிரல் ஒரு கலத்தில் பறந்தது என்றால், அக்கலத்தின் நிறையும் விரைவும் வழியும் அமைந்த அச்சூழலில் அது விழவில்லை என்பது மட்டுமே மெய்ப்பிக்கப்பட்டது. அதற்கு மேல் அச்சொல்லுக்குப் பொருள் கிடையாது.

இன்னொன்றையும் இக்கூட்டத்தார் மறைக்கின்றனர், அல்லது அறிந்திலர். அறிக்கை கூறிய மூன்று இயல்புகளும் கலத்தினுள் ஓடும் நிரலுக்கு உரியன. விண்செலவு இயங்கியலின் பெரும்பகுதியோ நிலத்தில் நடப்பது. கலம் இப்பொழுது எங்கே உள்ளது என்று வானலை அளவீடுகளிலிருந்து கணிப்பதும், நாளை எங்கிருக்கும் என்று முன்னுரைப்பதும், எந்த நொடியில் எத்துணை உந்தினால் எக்கோளை எவ்வுயரத்தில் அடையும் என்று வகுப்பதும், ஒரு துணைக்கோள் மற்றொன்றோடு மோதுமா என்று பார்ப்பதும் தரையிலுள்ள கணிப்பொறிகளின் வேலை. அங்கே கதிர்வீச்சு இல்லை, நினைவகப் பஞ்சம் இல்லை, மின்சிக்கனம் இல்லை. வானில் பழகவில்லை என்று இரசுட்டைத் தள்ளுவோர், வானேறவே வேண்டாத பணியிலிருந்தும் அதைத் தள்ளுவது எந்த அளவையால்?

தரைப்பணிதானே, பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ளலாம் என்பார் செவ்வாய்த் தட்பவெப்பச் சுற்றுகலத்தின் வரலாற்றைப் படிக்கட்டும். 1998 திசம்பர் 11இல் ஏவப்பட்ட அக்கலம் 1999 செப்தம்பர் 23ஆம் நாள் செவ்வாயை அடைந்து, கோளின் பின்புறம் மறைந்தது, மறைந்தது மறைந்ததுதான். அக்கலத்தில் எப்பழுதும் இல்லை. அதன் உட்கணக்கும் சரியாகவே இருந்தது. பிழை, நிலத்தில் ஓடிய ஒரு சிறு நிரலில்!

அக்கலத்திற்குக் கதிரொளித் தகடு ஒருபுறத்தில் மட்டுமே அமைந்திருந்தது. ஆகவே கதிரவனின் ஒளியழுத்தம் கலத்தை மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தது. அதை எதிர்த்துச் சுழலும் உருளிகள் விரைவின் எல்லையைத் தொட்டபொழுதெல்லாம், சிறிய உந்துபொறிகளை இயக்கி அவற்றை அடக்கவேண்டியிருந்தது. எதிர்பார்த்ததைப் போல் பத்து முதல் பதினான்கு மடங்கு அடிக்கடி இது நிகழ்ந்தது. ஒவ்வொரு முறையும் கலத்திற்கு ஒரு சிற்றுந்தல். அதன் அளவைக் கணித்துக் கோப்பில் எழுதுவதே அந்நிலத்து நிரலின் பணி. அளவு நியூட்டன்–நொடியில் இருத்தல் வேண்டும் என்று இணைப்பு ஆவணம் தெளிவாகவே கூறியிருந்தது. நிரல் எழுதியதோ பவுண்டுவிசை–நொடியில். இரண்டிற்கும் இடைவெளி 4.45 மடங்கு. கோப்பில் இருந்தது வெறும் எண். அதன் நெற்றியில் அலகு எழுதப்படவில்லை. படித்த நிரலும் அதை வெறும் எண்ணாகவே வாங்கிக்கொண்டது. பால் அளந்த படியை எண்ணெய்ப் படி என்று வாங்கிச் சென்ற கதை.

பழியைக் கணிப்பாளர்மேல் போட்டுவிட்டு ஓடுவார்க்கு ஒன்று சொல்லவேண்டும். முதல் நான்கு திங்களும் அக்கோப்புகள் அமைப்புக் கோளாற்றால் பயன்படவே இல்லை. 1999 ஏப்பிரலில் பயன்படத் தொடங்கிய ஒரு கிழமைக்குள், ஏதோ பொருந்தவில்லை என்று வழிகணிப்போர் கண்டுகொண்டனர். கேட்டும் பார்த்தனர். ஆனால் உந்தலின் விளைவு பெரும்பாலும் நிலவுலகிலிருந்து நோக்கும் கோட்டுக்குக் குறுக்காக விழுந்தமையால், அலைமாற்ற அளவீட்டில் அது தெளிவாகப் புலப்படவில்லை. குறைந்த ஆள், மிகுந்த வேலை, முறைப்படியான புகாராக எழுந்து மேலே செல்லாத ஐயம். 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்லவேண்டிய கலம், கடைசிக் கிழமையில் 150 முதல் 170 என்று கணிக்கப்பட்டது. கடைசி நாளில் 110 என்றாயிற்று. 80க்குக் கீழே சென்றால் கலம் பிழைக்காது. பின்னர்க் கணக்குப் பார்த்தபொழுது அது சென்றது 57 கிலோமீட்டரில். ஐந்து திங்களாகச் சிலர் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்த ஐயம் அது. மாந்தர் நெஞ்சில் உறுத்தவேண்டியதை நிரல்பெயர்ப்பி முதல் நாளே முகத்தில் எறிந்திருந்தால்?

இவ்விடத்தில்தான் இரசுட்டைப் பற்றிய பேச்சு தொடங்கவேண்டும். கிரேடன் ஃகோர் என்பார் மொசில்லா நிறுவனத்தில் பணியாற்றிய காலத்து, 2006இல் தம் தனிமுயற்சியாகத் தொடங்கிய மொழி அது. 2009இல் நிறுவனம் அதைத் தத்தெடுத்தது. 2015 மே 15இல் அதன் முதல் நிலைபெற்ற பதிப்பு வந்தது. பெயரின் பொருள் துரு. இரும்பைத் தின்னும் துருவன்று. கோதுமையிலும் கடலையிலும் படர்ந்து எவ்வகையிலும் அழியாது நிற்கும் துருநோய்ப் பூசணத்தை நினைந்து இட்ட பெயர் என்பர். பயிர்செய்வோர்க்கு வெறுப்பான பெயர்தான், அது கிடக்க.

இம்மொழியில் நியூட்டன்–நொடி ஒரு தனியினம், பவுண்டுவிசை–நொடி வேறு தனியினம் என்று நிரலாளர் வகுத்துவிட்டால், ஒன்றை எதிர்பார்க்கும் இடத்தில் மற்றொன்றைக் கொடுக்கும் நிரலை நிரல்பெயர்ப்பி பெயர்க்கவே மறுத்துவிடும். எச்சரிக்கை அன்று; மறுப்பு. இதற்குக் கூலி என்ன? ஏதுமில்லை. பொறிமொழியாகப் பெயர்ந்தபின் அவ்வுறை கழன்றுபோய் உள்ளிருக்கும் எண் மட்டுமே எஞ்சும். ஓடும் விரைவில் மாற்றம் இராது. வெளிக்கோப்பிலிருந்து படித்த எண், படிக்கத் தவறியிருக்கக்கூடிய ஒன்று; ஆகவே "கிடைத்தது அல்லது பிழை" என்னும் இருதலை மதிப்பாகவே அது கைக்கு வரும். பிழைத்தலையை இன்னவாறு கையாள்வேன் என்று எழுதாமல் உள்ளிருக்கும் எண்ணைத் தொடமுடியாது. வெறுஞ்சுட்டு என்னும் பேயும் இம்மொழியின் காப்புடைய பகுதியில் இல்லை. அப்பேயை 1965இல் உலவவிட்ட சி. ஏ. ஆர். ஃகோர் என்னும் பேரறிஞரே, தம் நூறுகோடித் தாலர்ப் பிழை அது என்று 2009இல் வாய்விட்டு ஒப்புக்கொண்டார்.

அலகு ஒன்றுதானா? காலத்தைப் பாருங்கள். விண்செலவுக் கணக்கில் "மணி என்ன?" என்னும் எளிய வினாவிற்கு ஒற்றை விடை இல்லை. உலகப் பொதுநேரம் ஒன்று. அதில் அவ்வப்பொழுது மிகைநொடி சேர்க்கப்படும். அணுக்கடிகை நேரம் மற்றொன்று. 2017 சனவரி 1 முதல் அது பொதுநேரத்தைவிட 37 நொடி முந்தி நிற்கிறது. இடங்காட்டும் துணைக்கோள்களின் நேரம், பொதுநேரத்திற்கு 18 நொடி முந்தியது. கோள்களின் இயக்கத்தைக் கணிக்கும் நேரமோ 69 நொடிக்கும் சற்று மேலே முந்தியது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஒரு துணைக்கோள் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் ஓடுகிறது. இடங்காட்டி நேரத்தைப் பொதுநேரம் என்று மயங்கினால் 135 கிலோமீட்டர் பிழை. கோட்கணிப்பு நேரத்தை மயங்கினால் 500 கிலோமீட்டருக்கு மேல் பிழை! சியிலும் போர்ட்ரானிலும் வழக்கமாக எழுதும் முறையில் இந்நான்கும் ஒரே முகமுடைய வெறும் மிதப்பெண்கள்.

எண்ணைச் சேமிக்கும் முறையிலும் ஓர் இழுக்கு உண்டு. யூலியன் நாட்கணக்கை ஒரே 64 நுண்மி மிதப்பெண்ணில் வைத்தால், ஏறத்தாழ 40 நுண்ணொடிக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. அதற்குள் துணைக்கோள் 30 செண்டிமீட்டர் நகர்ந்துவிடும். இரசுட்டில் எழுந்த ஐஃபைடைம் என்னும் காலநூலகம், நேரத்தை நூற்றாண்டு எண்ணாகவும் அதற்குள் எத்தனை நூறுகோடியில் ஒருபங்கு நொடி என்னும் முழுவெண்ணாகவும் பிரித்து வைக்கிறது. எக்காலமுறையைச் சேர்ந்த நேரம் என்பதையும் அந்நேரத்தோடு கட்டியே வைக்கிறது. பார்க்க எளிய செய்திதான். இவ்வெளிய செய்தியைச் செய்யாது விட்டுவிட்டு எத்தனை நிரலாளர் எத்தனை இரவு 18 நொடியைத் தேடி அலைந்திருப்பர்!

இனி, உடைமையும் இரவலும். இரசுட்டின் உயிர்நாடி இது. ஒரு தரவுக்கு ஒருவனே உடையவன். மற்றவர் அதை இரவல் வாங்கலாம். ஓர் ஏட்டைப் பத்துப்பேர் சுற்றியமர்ந்து படிக்கலாம். ஆனால் ஒருவன் எழுத்தாணி எடுத்துவிட்டால் மற்றவர் அனைவரும் எழுந்துபோகவேண்டும். இரவல் திரும்பும்வரை உடையவன் அதை விற்கவோ அழிக்கவோ முடியாது. இவ்விதியை நிரலாளரின் நல்லெண்ணத்திற்கு விடாமல், நிரல் ஓடுமுன்னரே நிரல்பெயர்ப்பி வரிவரியாகச் சரிபார்க்கிறது.

பழைய போர்ட்ரானின் முறையோ ஊர்ப் பொதுக்குளம். "பொதுத்தொகுதி" என்னும் நினைவகப் பரப்பில் எத்துணைநிரலும் இறங்கலாம். எவ்வினமென்று வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். யார் கலக்கினார் என்று பின்னர் அறிய வழியில்லை. அணியின் எல்லையைத் தாண்டி எழுதிவிட்டால் சில வேளைகளில் நிரல் விழும், அது நல்லூழ். விழாமல் பக்கத்து எண்ணை மாற்றிவிட்டு ஓடிக்கொண்டே இருந்தால்தான் கேடு. அவ்வெண் கோளின் ஈர்ப்பளவாக இருக்கலாம். உந்தலின் திசையாக இருக்கலாம். வழவழப்பான, அழகிய, பொய்யான சுற்றுப்பாதை ஒன்று திரையில் வரையப்படும். மைக்ரோசாப்ட்டு நிறுவனம் 2019இலும் குரோம் உலவியைச் செய்வோர் 2020இலும், தம் காப்புக் குறைகளில் நூற்றுக்கு எழுபது நினைவகப் பிழைகளால் வந்தவை என்று வெளியிட்டனர். அவை திருடர் நுழையும் ஓட்டைகளின் கணக்கு. விண்செலவுக் கணக்கில் திருடன் வரவேண்டியதே இல்லை, ஓட்டையே போதும்.

நாசாவின் செலுத்தவியல் ஆய்வகம் உலகிற்கு அளித்த ஒரு கருவிப்பெட்டி உண்டு. சுபைசு என்பது பெயர். கோள்களும் கலங்களும் எந்நேரத்தில் எங்கிருக்கும் என்று சொல்வது. நாற்பதாண்டு உழைப்பின் விளைவு; அதன் துல்லியத்தைக் குறைகூறுவான் நாவு அழுகும். ஆயினும் அது போர்ட்ரான் 77இல் எழுதப்பட்டது. அதன் சி வடிவமோ பெரும்பாலும் பொறியே பெயர்த்துத் தந்தது. ஏற்றிய கோப்புகளின் தரவையும் நேர்ந்த பிழையின் நிலையையும் நிரல் முழுமைக்கும் பொதுவான ஓரிடத்தில் அது வைத்திருப்பதால், ஒரே நிரலின் பல இழைகள் ஒருங்கே அதனை அழைத்தலாகாது. இன்று ஓர் எளிய கணிப்பொறியிலேயே எட்டும் பதினாறும் கணிப்புள்ளங்கள் உள்ளன. ஒரு கலம் செவ்வாயில் இறங்கும் வழியைச் சிறுசிறு மாற்றங்களோடு பத்தாயிரம் முறை கணித்துப் பார்க்கவேண்டிய இடத்தில், ஏனையவை கைகட்டி நிற்க ஒன்றே உழைப்பதா? அல்லது கணிப்பையே பல தனி நிரல்களாகப் பிரித்து ஓட்டும் சுற்றுவழியா? இரசுட்டில் எழுந்த அனிசு என்னும் நூலகம் அதே கோள்நிலைக் கோப்புகளைப் படித்து, பல இழைகளுக்கும் ஒருங்கே விடை தருகிறது. நறுமணச் சரக்கின் பெயருடைய முதியவர்க்குச் சோம்பின் பெயருடைய இளையவர் பிறந்தார் என்று கொள்ளலாம். அதன்மேல் எழுந்த நிக்சு என்னும் நூலகம் பாதைகணிப்பும் உந்தல் வகுப்பும் செய்கிறது.

எதிர்ப்பாளர் கூற்றில் மெய் ஒன்றுமே இல்லையோ எனின், உண்டு. அரியேன்-5ஐ இரசுட்டு காத்திருக்கும் என்று முழங்கும் இளைஞர் சிலர் உளர், அது பொய். பெரிய மிதப்பெண்ணை 16 நுண்மி முழுவெண்ணாக மாற்றச் சொன்னால், 32,767 என்னும் பேரெல்லையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இரசுட்டு வாய்மூடியிருக்கும். முழுவெண்கள் நிரம்பி வழிந்தால் ஆய்வுப் பதிப்பில் கூச்சலிடும் இம்மொழி, வெளியீட்டுப் பதிப்பில், வேறு கட்டளை இடாவிடில், சத்தமின்றிச் சுற்றிக்கொள்ளும். கூச்சலிட்டுத் தன்னை நிறுத்திக்கொள்ளும் நிரலும் வானில் காப்பன்று; அரியேனின் திசைக்கருவி செய்ததும் அதுவே. இயற்பியலைத் தவறாக எழுதினால் எம்மொழியும் தவறாகவே கணிக்கும். தனித்தனி இனம் வகுக்கும் வாய்ப்பு 1983லேயே ஏடா மொழியில் இருந்தது. வகுக்க முனைந்தால் சி++இலும் இயலும். சாவாவில் எழுந்த ஆரெக்கிட்டு நூலகம் காலமுறையையும் ஆயச் சட்டகத்தையும் பேணிக் காப்பதில் எவர்க்கும் இளைத்ததன்று. ஐரோப்பியக் கலங்களில் பெருவழக்காக உள்ள இலியோன் சில்லுகளுக்கு இரசுட்டு நிரல்பெயர்ப்பியின் முதல்தரத் துணை வாய்க்கவில்லை என்பதும் மெய். ஆகவே கலத்தினுள் செல்லும் நிரலில் விரைய வேண்டா என்பார் கூற்றைக் கேட்கலாம். உந்துகளுக்கும் தொழிற்பொறிகளுக்கும் உரிய காப்புத் தகுதிச் சான்றினை 2023இல் பெற்ற நிரல்பெயர்ப்பி ஒன்று இரசுட்டிற்கு உண்டு என்பதையும் அவர்கள் உடன் கேட்கட்டும்.

ஆனால் "நல்ல நிரலாளர்க்கு இக்காவல்கள் எல்லாம் எதற்கு?" என்று மார்தட்டுவார் கூற்றைக் கேட்கவே வேண்டா. அவர்தம் கோயிலாகிய அதே செலுத்தவியல் ஆய்வகத்தில் செரார்டு ஓல்சுமன் என்பார் 2006இல் சி மொழிக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். தொடக்கத்திற்குப் பின் புதிதாக நினைவகம் கேட்காதே. ஒவ்வொரு சுழற்சிக்கும் எல்லை வை. ஒரு சுட்டின்வழி ஒருமுறைக்கு மேல் ஊடுருவாதே. எல்லா எச்சரிக்கைகளையும் திறந்து வைத்து ஒன்றுகூட எஞ்சாமல் நிரல்பெயர். நல்ல நிரலாளர் போதுமெனின் உலகின் தலைசிறந்த நிரலாளர் சிலர் கூடியிருக்கும் அவ்விடத்தில் இக்கட்டளைகள் எதற்கு? மொழி கட்டாத வேலியை மாந்தர் கையால் கட்டினர். நாடோறும் காவல் காக்கின்றனர். வேலியோடு பிறந்த மொழியைக் கண்டால் மட்டும் ஏன் இத்துணைச் சினம்?

சினத்தின் வேர் வேறிடத்தில் உள்ளது. இரசுட்டின் நிரல்பெயர்ப்பி மறுக்கும் மொழி, கெஞ்சினாலும் விடாது. இருபதாண்டு சி எழுதி அதிகாரியாகிவிட்ட ஒருவர், நேற்று வந்த இளைஞர் முன் பொறியிடம் "இப்பிழை, அப்பிழை" என்று வாங்கிக் கட்டிக்கொள்ள விரும்புவாரா? அவர் கூச்சம் இயல்பே. ஆயின் அக்கூச்சத்திற்கு "வானில் மெய்ப்பிக்கப்படவில்லை" என்று அறிவியல் போர்வை போர்த்துவது தகாது. கலங்களின் விலையை அவர் தம் கைப்பொருளிலிருந்து கொடுப்பதில்லை. மக்கள் வரிப்பணம் கொடுக்கிறது.

உள்ளவற்றையெல்லாம் இடித்துத் தள்ளிப் புதுமொழியில் எழுதுக என்று எவரும் கேட்கவில்லை. கேட்பின் அதுவும் மடமையே. நாற்பதாண்டு திருத்தங்களைப் புதியவர் நான்காண்டில் மீண்டும் கண்டுபிடிக்கமாட்டார். இனி எழுதும் தரைநிரல்களை, குறிப்பாக ஒரு நிறுவனத்தின் கையிலிருந்து மற்றொன்றின் கைக்கு எண்கள் மாறும் அந்த வாயிலில் நிற்கும் நிரல்களை, இரசுட்டில் எழுதுக. பழையதையும் புதியதையும் ஒரே தரவின்மேல் அருகருகே ஓட்டிப் பாருங்கள். அனிசு நூலகத்தார் அதைத்தான் செய்கின்றனர். சுபைசின் விடையையே அளவுகோலாக வைத்து, தம் விடை அதனோடு எத்துணை ஒட்டுகிறது என்று ஒவ்வொரு முறையும் அளந்து காட்டுகின்றனர்.